நாலாவது ஃபில்டர்

"அக்கா, இந்த ஃபில்டரும் சரியில்லை."

செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டார் குற்றாலிங்கம்.

பிரமநாயகி மடத்துத் திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"வாங்க அண்ணாச்சி. உட்காருங்க."

அவர் உட்காரவில்லை.

அவளுக்கு நாற்பது வயது. அவருக்கு அறுபது தாண்டியாயிற்று. ஆனாலும் குருவைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா? அக்கா என்பார். அவளோ வயதுக்கு மரியாதை கொடுத்து அண்ணாச்சி என்பாள். மடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள், இதில் யார் மூத்தவர் என்று கொஞ்ச நேரம் முழிப்பார்கள்.

குற்றாலிங்கம் தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். அவர் கடையில் ஒரு கரண்டியை எடுத்தாலும் அதில் முகம் தெரியும். தெரியாவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, மனசு அடங்க வழி கேட்டு மலையடிவாரத்து மடத்துக்கு வந்தார்.

"ஒரு இடத்துல சும்மா உட்காருங்க" என்றாள் பிரமநாயகி. அவ்வளவுதான் உபதேசம்.

அது அவருக்கு வரவில்லை. உட்கார்ந்தால் கண்ணுக்கு எதிரே ஏதாவது வேண்டும் என்று தோன்றியது. வீட்டுக்குப் பின்னால் குளம் வெட்டினார். சிமெண்ட் பூசினார். மதுரைக்குப் போய், பார்த்துப் பார்த்து கோய் என்னும் வண்ண மீன்களை வாங்கி வந்து விட்டார்.

அதிலிருந்து உட்காரவே நேரமில்லை.

தண்ணீர் லேசாகப் பச்சை தட்டியது. பாசியைக் கொல்லும் யுவி லைட் மாட்டினார். திருப்தியில்லை. அதைக் கழற்றிவிட்டு டிரம் ஃபில்டர் வைத்தார். அதையும் கழற்றிவிட்டு ஸ்பாஞ்ச் அடைத்த பெட்டி வைத்தார். தண்ணீர் தெளியத்தான் செய்தது. ஆனால் மீன்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து வாயைப் பிளந்தன. ஒவ்வொன்றாகச் செத்தன.

"எத்தனை மிச்சம்?" என்றாள் பிரமநாயகி.

"ஒண்ணே ஒண்ணு. நெத்தியில சிவப்புப் பொட்டு வச்ச வெள்ளை. அதுவும் காலையிலேருந்து மேலேயே நிக்குது. அது போச்சுன்னா குளத்தை மூடிருவேன். இங்கேயும் வர மாட்டேன்."

"இங்க ஏன் வர மாட்டீங்க? நான் என்ன செஞ்சேன்?"

"ஒரு மீனை உயிரோட வச்சிருக்கத் தெரியாதவனுக்கு ஞானம் ஒரு கேடா?"

குரல் உடைந்துவிட்டது. அதை மறைக்க வேகமாகப் பேசினார்.

"கல்வாழை நட்டு, வேர் வழியாத் தண்ணியை விடச் சொல்றாரு ஒருத்தர். கரி போட்ட ஃபில்டர்தான் நல்லதுங்காரு இன்னொருத்தர். எதைன்னு வாங்க? நீங்க ஒண்ணைக் கையைக் காட்டுங்க அக்கா. இப்பவே போய் வாங்கிருதேன்."

"இருக்கிற ஃபில்டரைக் கழுவுவீங்களா?"

"தினமும்!" முதல் தடவையாக அவர் நெஞ்சு நிமிர்ந்தது. "குழாய்த் தண்ணியில, பிளீச்சிங் பவுடர் போட்டு, பிரஷ் வச்சுத் தேய்ச்சு. வழவழன்னு ஒரு பொட்டு இருக்காது. இப்பத்தான் கடையிலேருந்து வந்த மாதிரி இருக்கும்."

பிரமநாயகி கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தாள்.

மடத்துக்குப் பின்னால் ஒரு கல்தொட்டி உண்டு. அதில் கொழுகொழுவென்று மீன்கள். தொட்டிக்கு மேலே ஓட்டை வாளி ஒன்று. வாளிக்குள் ஜல்லியும் சுருட்டிப் போட்ட பழைய கொசுவலையும். சின்ன பம்ப் ஒன்று தண்ணீரை வாளிக்கு ஏற்றும். ஓட்டை வழியாக அது தொட்டிக்கே திரும்பிவிடும்.

அந்த வாளியைப் பார்க்கும்போதெல்லாம் குற்றாலிங்கத்துக்குக் கை அரிக்கும். ஒரு நாள் அவள் இல்லாத நேரம் பார்த்து அதைக் கழுவப் போய், பாதி வழியில் திரும்பி வந்தவளிடம் பிடிபட்டார். குரு அவரைத் திட்டியது அந்த ஒரு நாள்தான்.

இப்போது அவளே வாளிக்குள் கையை விட்டாள். கொசுவலையை உருவினாள். பழுப்பு நிறத்தில், சளிபோல் ஒழுகிக்கொண்டு வந்தது அது.

குற்றாலிங்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு தூக்குச்சட்டியில் போட்டாள்.

"வண்டியை எடுங்க அண்ணாச்சி."

அவர் வீட்டு வாசலில் மனைவி கோமதி நின்றிருந்தாள்.

"வாங்கம்மா. அந்த மீனை வெளிய எடுத்துட்டு இவரை உள்ள விட்டுட்டுப் போங்க. ரெண்டு உயிரு நிம்மதியா இருக்கும். மீனும் நானும்."

குளம் கண்ணாடியாக இருந்தது. தரையில் சிமெண்ட் பூசிய கரண்டியின் தடம்கூடத் தெரிந்தது. ஒற்றை மீன் மட்டும் குழாய்த் தண்ணீர் விழும் இடத்தில் ஒதுங்கி, வாயைத் திறந்து திறந்து மூடியது.

பிரமநாயகி ஃபில்டர் பெட்டியைத் திறந்தாள். வெள்ளை வெளேரென்ற ஸ்பாஞ்சுகளுக்கு நடுவே அந்தக் கொசுவலையைத் திணித்தாள்.

"அக்கா!" அலறிவிட்டார். "அது அழுக்கு!"

"ஆமா."

"ஐயோ, அழுக்குக்கா!"

"ஆறு மாசமா என்கிட்ட தீட்சை கேக்கீங்க, இல்லையா?"

அவர் உள்ளங்கையை இழுத்துப் பிடித்து, தன் விரலில் ஒட்டியிருந்த வழவழப்பை அதில் வழித்தாள்.

"வச்சுக்கோங்க."

குற்றாலிங்கம் கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடி குழாயடியைப் பார்த்து நடந்தார்.

"எங்க போறீங்க?"

"கை கழுவ..."

சொல்லிவிட்டு அங்கேயே நின்றார். கையைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

கழுவாமலே திரும்பி வந்து கேட்டார். "இனிமே இதைக் கழுவவே கூடாதா?"

"மீனோட கழிவைத் தின்னு தீர்க்கிற பொடி உயிருங்க இந்த வழவழப்புலதான் இருக்கு. அடைச்சுக்கிட்டாக் குளத்துத் தண்ணியிலேயே ஒரு அலசு. குளத்தையும் மொத்தமா இறைச்சு ஊத்தாதீங்க."

"குளம் சரியாக எத்தனை நாள் ஆகும்?"

"கட்டிக்கிட்டு வந்த பொண்ணு எத்தனை நாள்ல இது என் வீடுன்னு சொல்லுவா?"

"எனக்கு இன்னும் ஆகலைம்மா" என்றாள் கோமதி. "ஒரு டம்ளரை இடம் மாத்தி வச்சாக்கூட இந்த மனுஷன் திருப்பி வச்சிருதாரு."

அதற்கப்புறம் குற்றாலிங்கம் பட்ட பாடு சொல்லி முடியாது.

தண்ணீர் முதலில் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி வெளுத்தது. பிறகு பச்சை படர்ந்தது. உட்கார்ந்தார். எழுந்தார். குளத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பெட்டியின் மூடியைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"கை அரிச்சா தேங்காய் துருவிக் குடுங்க" என்றாள் கோமதி.

துருவினார். அந்தத் தெரு முழுக்கத் தேங்காய் பர்பி தின்றது.

மடத்துப் பக்கம் அவர் வரவே இல்லை. மீன் செத்திருக்கும் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டார்கள். பிரமநாயகிக்கும் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு நாள் அவளே புறப்பட்டுப் போனாள்.

"பின்னாலதான் இருக்காரு" என்றாள் கோமதி. "காப்பிக்குக் கூப்பிட்டேன். வரலை."

குளத்து விளிம்பில் அவர் உட்கார்ந்திருந்தார். முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்திருந்தார்.

தண்ணீரில் தரை தெரியவில்லை.

குரு வந்ததைப் பார்த்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன அண்ணாச்சி, நாலாவது ஃபில்டர் எது வாங்கினீங்க?"

அவர் திரும்பவில்லை.

"சத்தம் போடாதீங்க அக்கா. சாப்பிடுது."