புளியமரத்தில் தொங்கிய ராஜாவும் குதிரை ஏறிய வில்லும்

அன்றைக்குக் காட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். செங்காட்டூர் ராஜா விசயகேசரி. தளவாய் கோட்டைச்சாமி. ராஜாவுக்கு யோசனை சொல்லும் பூவிருந்தான். குதிரைக்காரன் மொக்கையன். குடை பிடிப்பவன் ஒருவன், மேளம் அடிப்பவர் இருவர், புதர் கலைப்பவர் ஆறு பேர். ஆக மனிதர் பதின்மூன்று. குதிரை இரண்டு, நாய் இரண்டு. மூன்று வருஷமாக ராஜா துரத்திக்கொண்டிருக்கும் காது கிழிந்த முயல் ஒன்று. மொத்தம் பதினெட்டு உயிர்.

இதில் பதினேழு தரையில் இருந்தது. ராஜா மட்டும் புளியமரத்தில் தொங்கிக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ராஜாவின் வில் ஆள் உயரம். நாண் ஏற்றியபடியே அதை முதுகில் குறுக்காக மாட்டிக்கொண்டு குதிரை ஏறுவார். மேல் முனை தலைக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கும். கீழ் முனை குதிரையின் புட்டத்தில் குத்தும். குத்தினால் குதிரை ஓடும். ஓடினால் இன்னும் குத்தும். அன்றைக்கு மேல் முனை கிளையில் மாட்டிக்கொண்டது. குதிரை போய்விட்டது. ராஜா போகவில்லை.

ஆறு பேர் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி அவரை இறக்கினார்கள்.

"குதிரைக்குப் பழக்கம் போதாது, மகாராஜா" என்றார் தளவாய். "மொக்கையனை விரட்டிவிடுங்கள். என் மைத்துனன் வீட்டில் சும்மாதான் இருக்கிறான்."

மொக்கையன் காலில் விழுந்தான். "சாமி, அது பச்சைப்புள்ள மாதிரிங்க. எம் மகளையே அதுமேலதான் தூங்க வைப்பேன்."

பூவிருந்தான் குதிரையின் பின்பக்கத்தைப் பார்த்தார். வரிசையாகத் தழும்பு. "மகாராஜா, போகும்போது நாணை இறக்கிவிட்டால் வில் வெறும் கழிதான். சேணத்தோடு சேர்த்துக் கட்டிவிடலாம். யாரையும் குத்தாது."

தளவாய் காதைப் பொத்திக்கொண்டார். "சிவ சிவா! நம் வழக்கம் என்ன? நாண் ஏறிய அரச வில், அரசருக்குச் சமம். அதன் நாணை இறக்குவது அரசரையே இறக்குவது மாதிரி!"

"இப்போதுதானே ஆறு பேர் இறக்கினார்கள்" என்றார் பூவிருந்தான்.

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "வழக்கம் வழக்கம்தான்! நாளைக்கும் வேட்டை உண்டு. நாண் இறங்கக் கூடாது. வில் குதிரைமேல்தான் வரவேண்டும். என் தோளைத் தவிர வேறொருவன் தோளில் ஏறக் கூடாது. மறுபடி நான் மரத்தில் தொங்கினால் மொக்கையன் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டவேண்டும். பரிந்து பேசிய நீரும் கூடவே போம்!"

மறுநாள் காலை ராஜா தம் குதிரையில் ஏறினார். முதுகு காலியாக இருந்தது.

"வில் எங்கே?"

"வருகிறது, மகாராஜா" என்றார் பூவிருந்தான்.

தளவாயின் குதிரை வந்தது. சேணத்தின்மேல் பட்டு விரித்து, வில்லை நிமிர்த்திக் கட்டியிருந்தது. கழுத்தில் மாலை வேறு. பின்னாலேயே தளவாய் நடந்து வந்தார்.

"என் குதிரை!" என்று கத்தினார்.

"நீங்கள்தானே சொன்னீர்கள், வில் அரசருக்குச் சமம் என்று? இரண்டு அரசர் ஒரே குதிரையில் போவது அழகா? ஊரில் மிச்சம் இருப்பது உங்கள் குதிரை ஒன்றுதான்."

தளவாய் செருப்பை இறுக்கிக்கொண்டு நடந்தார்.

ராஜாவுக்கு இது பிடித்திருந்தது, கொஞ்ச தூரம் வரைக்கும். அப்புறம் வெயில் ஏறியது. குடை வில்லின்மேல் இருந்தது.

"அடேய், குடையை இங்கே கொண்டு வா!"

குடைக்காரன் பூவிருந்தானைப் பார்த்தான். பூவிருந்தான் தலையைச் சொறிந்தார். "இருப்பது ஒரே குடை. வில் புது விருந்தாளி மாதிரி இன்றைக்குத்தான் முதன்முதலாகச் சொந்தக் குதிரையில் வருகிறது. விருந்தாளிக்குத்தானே முதலில் குடை? வழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, மகாராஜா."

வழியில் ஒரு குடியானவர் ஓடி வந்து வில்லின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "ராசா! எங்க ஏரி மதகு உடைஞ்சு கிடக்குதுங்க. நீங்கதான் பாத்து செய்யணும்!"

"யோவ்! ராஜா நான் இங்கே இருக்கிறேன்!"

குடியானவர் நிமிர்ந்து பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க ஐயா. குடை அங்கல்ல இருக்குது?" என்று சொல்லிவிட்டு மறுபடி வில்லிடம் திரும்பினார். "மழைக்கு முன்னாடி செஞ்சிட்டா நல்லதுங்க."

வில் ஒன்றும் சொல்லவில்லை. மறுக்கவில்லை என்று அவர் சந்தோஷமாகப் போனார்.

அடுத்த ஊரில் மூன்று பெண்கள் வில்லுக்கு ஆரத்தி எடுத்தார்கள். வியர்வை வழிய நின்ற ராஜாவைப் பார்த்து ஒருத்தி கேட்டாள், "இவரு யாரு, கூட வந்தவரா?"

"போதும்!" ராஜா குதிரையிலிருந்து குதித்தார். "செங்காட்டூருக்கு ஒரு ராஜாதான்! இறக்குங்கள் அந்த நாணை!"

"வழக்கம்..." என்றார் பூவிருந்தான்.

"நான் சொல்வதுதான் வழக்கம்! இறக்கும்!"

அவர் வாய் மூடுவதற்குள் மொக்கையன் நாணை இறக்கி, வில்லை ராஜாவின் சேணத்தோடு நீளவாக்கில் கட்டி முடித்திருந்தான். குடை ராஜாவிடம் வந்தது. குதிரை மூன்று வருஷத்தில் முதல்முறையாக வில்லோடு நிதானமாக நடந்தது.

தளவாய் விடவில்லை. காலில் கொப்புளத்தோடு நொண்டி வந்து கேட்டார். "நாண் இறங்கியதை எதிரி பார்த்தால் நம்மை என்ன நினைப்பான்? படையெடுத்து வரமாட்டானா?"

"ராஜா புளியமரத்தில் தொங்கியதையே கேள்விப்பட்டவன் அவன்" என்றார் பூவிருந்தான். "அதற்கே இன்னும் வரவில்லை. சிரித்து முடித்தால்தானே வருவான்!"

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். குதிரை அசையக்கூட இல்லை. அதைப் பார்த்ததும் தம் முத்துமாலையைக் கழற்றிப் பூவிருந்தானுக்குப் போட்டார். மொக்கையன் வேலையில் நிலைத்தான். ஏரி மதகைக் கட்டிக் கொடுக்கும் பொறுப்பு தளவாயின் மைத்துனனுக்குப் போனது. அவன்தானே சும்மா இருந்தான்?

காட்டில் முயல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது. ராஜா நிதானமாக இறங்கினார், நாண் ஏற்றினார், எய்தார். கொண்டுபோன அம்பு பன்னிரண்டு. எய்ததும் பன்னிரண்டு.

மிச்சம், முயல் ஒன்று.