கதவு மாட்டாத கல்லூரி

பறவைகளும் வாய் திறந்து பேசிய அந்தக் காலத்தில், அயர்லாந்தின் பாலிகர்ரா என்ற சின்ன ஊரில் ஒரு கல்லூரி வந்தது. ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவிலிருந்த புல்வெளியில்தான் அதைக் கட்டினார்கள். ஆசிரியர்கள் தங்கமான மனிதர்கள். ஆனால் பேச்சென்றால் அப்படியொரு பேச்சு! கஞ்சியில் உப்பு முதலிலா கடைசியிலா என்று காலையில் ஆரம்பித்தால், விளக்கு வைக்கிற வரைக்கும் ஓயாது.

ஆற்றுக்குப் போகிற ஊர்ச்சனம், பன்றி, பால்வண்டி எல்லாம் வகுப்பு ஜன்னலை உரசிக்கொண்டுதான் போகும். கல்லூரித் தலைவர் மாலக்கிக்குத் தலைவலி தாங்கவில்லை. சுற்றிலும் சுவர் எழுப்பினார். ஆற்று வழியில் விட்ட வாசலுக்குப் பூட்டுப் போட்ட கதவும் செய்யச் சொன்னார்.

அந்த வாசலை ஒட்டிய வேலியடியில் ஊனா என்ற வெள்ளை வாத்து அடைகாத்துக்கொண்டிருந்தது. குஞ்சுகள் இன்றைக்கோ நாளைக்கோ வந்துவிடும். கதவு போட்டுவிட்டால் ஆற்றுக்கு நரிக்காட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். அந்த வழியில் போனால் நரி ஒரு குஞ்சைக்கூட மிச்சம் வைக்காது.

தச்சர் டோனல் கதவோடு வந்தார். வேடிக்கை பார்க்க ஆசிரியர்கள் எல்லாரும் கூடினார்கள். ஊனா கெஞ்சவுமில்லை, கொத்தவுமில்லை. இவர்களைத்தான் அது தினமும் பார்க்கிறதே!

"ஐயா, ஒரு சந்தேகம். வழி யாருக்குச் சொந்தம்? முதலில் நடந்தவருக்கா, பிறகு சுவர் கட்டியவருக்கா?" என்று கேட்டது.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். நடந்தவருக்கே என்றார் ஒருவர். வழி என்றால் என்ன என்று முதலில் சொல்லுங்கள் என்றார் இன்னொருவர். டோனல் கதவைக் கீழே கிடத்திவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு ஆறிப்போனது. மறுநாளும் அதே பேச்சு.

ஆனால் எந்தப் பேச்சும் ஒருநாள் முடியத்தானே வேண்டும்? சாயங்காலம் ஒவ்வொருவராகச் சுவர் கட்டியவர் பக்கம் சாய்ந்தார்கள். டோனல் எழுந்து சுத்தியலைத் தேடினார். ஊனா இறக்கையை விரித்துக் கூட்டை மூடிக்கொண்டது.

மாலக்கி ஜெயித்துவிட்ட மகிழ்ச்சியில் குனிந்து பார்த்தார். ஊனாவின் இறக்கைக்கு அடியிலிருந்து, ஈரம் காயாத மஞ்சள் தலைகள் அவரை நிமிர்ந்து பார்த்தன. கதவு கேட்டவரே அவர்தான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆனால்..." என்றார்.

மறுபடியும் முதலிலிருந்து கிளம்பியது பேச்சு. விடிந்ததும் ஊனா தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு அவர்கள் நடுவே நடந்தது. கையை ஆட்டி வாதாடிக்கொண்டே எல்லாரும் காலை மட்டும் ஒதுக்கி வழி விட்டார்கள்.

அன்று தொடங்கிய வழக்கம்தான் இது: பாலிகர்ரா கல்லூரியில் எந்த வாதம் முடியப்போனாலும் யாராவது ஒருவர் எழுந்து "ஆனால்" என்பார். வாசலுக்கு இன்றுவரை கதவில்லை, வாத்துகள் ஆற்றுக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன.