பூரணி பூத்த பாத்தி

“அம்மா, பூரணி நிறம் மாறிட்டா.”

நெல்லைநாயகம் சமையலறை வாசலில் வந்து நின்று சொன்னார். உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த மாதங்கி அம்மா கத்தியை வைத்துவிட்டு எழுந்தார்.

மலைமேல் இருந்த அந்தச் சின்ன ஆசிரமத்தில் குரு மாதங்கி அம்மாவுக்கு வயது நாற்பது. சீடர் நாயகத்துக்கு அறுபதைத் தாண்டிவிட்டது. சர்வே ஆபீசில் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர்.

பூரணி என்பது ஐரிஸ் என்ற ஒரு கிழங்குவகைப் பூச்செடி. நாயகத்தின் மகள் விதை போட்டு வளர்த்தது. அது முதன்முதலாக ஊதா நிறத்தில் பூத்தபோது மகள் உயிரோடு இல்லை. அவர் செடிக்கு மகளின் பெயரையே வைத்தார். கிழங்கை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு மலையேறி வந்தார்.

மகள் இறந்ததை அவர் இங்கே யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உறவினர் ஒருவர் சொல்லித்தான் குருவுக்கே தெரியும். பிள்ளைகள் எத்தனை பேர் என்று யாராவது கேட்டால், “பூரணி நல்லா இருக்கா” என்று பாத்தியைக் காட்டுவார். கேட்டவர்களுக்கு என்னவோ போல் இருக்கும்.

இருவரும் பாத்திக்கு வந்தார்கள். ‘பூரணி’ என்று எழுதி அவர் ஊன்றியிருந்த பெயர்ப்பலகைக்குப் பின்னால் பூத்திருந்தவை அத்தனையும் மஞ்சள்.

“பூ வாடினதும் தண்டை ஒடிச்சு விட்டீங்களா?”

“இல்லம்மா. மனசு வரல.”

“காய் பிடிச்சிருக்குமே?”

“பிடிச்சுது. அதுவும் அழகாத்தான் இருந்துச்சு. விட்டுட்டேன்.”

அம்மா குனிந்து மண்ணைக் கிளறினார். பழைய கிழங்கு சக்கையாகக் கையோடு வந்தது. உதிர்ந்த விதைகள் முளைத்து, நெருக்கியடித்து, அதைச் சாகடித்திருந்தன.

“நிறம் மாறல ஐயா. இதெல்லாம் விதையில வந்த வேற செடி. கிழங்குல வந்தாத்தான் அதே பூ.”

“அப்ப என் பூரணி?”

குரு பலகையைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தார்.

“ரெண்டு வருஷம் முன்னால கிழங்கைப் பிரிச்சு டீக்கடை செசிலிக்கு ஒரு துண்டு கொடுத்தேன். அதுக்காக நீங்க ஒரு வாரம் எங்கிட்ட முகம் கொடுத்துப் பேசல. அங்க போய் இதை ஊணிட்டு வாங்க.”

நாயகம் ஓட்டமும் நடையுமாக இறங்கினார்.

டீக்கடை வாசலில், துருப்பிடித்த எண்ணெய் டின்னில், ஊதாவாகப் பூத்திருந்தது. அதே ஊதா. அவர் அப்படியே மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“என்னங்கய்யா, எங்க கத்திரிப்பூவை இப்படிப் பார்க்குறீங்க?” என்றாள் செசிலி.

“என்ன பேர் சொன்னே?”

“கத்திரிப்பூ. கலரைப் பாருங்க, கத்திரிக்கா மாதிரி இல்ல? இந்தத் தெருவுல பல வீட்டுல வாங்கி வச்சிருக்காங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றோம்.”

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என் மகளுக்கா இந்தப் பெயர்? பலகையை டின் மண்ணில் ஊன்றப் போனார்.

விறகுக் கட்டோடு போன ஒருத்தி சுமையோடு அப்படியே நின்றாள். “அடியே செசிலி, கத்திரிப்பூ பூத்துடுச்சா! சொல்லவே இல்லியே!” அவள் முகமெல்லாம் சிரிப்பு.

நாயகத்துக்குப் பலகையை ஊன்றக் கை வரவில்லை.

மலையேறித் திரும்பியபோது அம்மா பாத்தியருகிலேயே இருந்தார்.

“பலகையைத் திருப்பிக் கொண்டாந்துட்டீங்களே?”

“அதுக்கு அங்க ஒரு பேர் இருக்கும்மா.”

“அப்ப இங்கேயே ஊணிடுங்க.”

அவர் மஞ்சள் பூக்களைப் பார்த்தார். “இது அந்தச் செடியே இல்லையே.”

“பின்னே, இது யார் பேரு ஐயா?”

நாயகம் பலகையில் இருந்ததை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தார். உதடு கோணியது. பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“என் மக பேரும்மா,” என்றார். “செத்துப்போயிட்டா.”