யாருடைய ஆள்?

வடமாங்குளம், தென்மாங்குளம் நகராட்சிகள் தங்களுக்குப் பொதுவான கடைத்தெருவை இணைந்து புதுப்பிக்கத் திட்டமிட்டன. எல்லைக்கோட்டின் மேலேயே இருந்தது சவரியப்பனின் பூட்டு ரிப்பேர் கடை. அவர் தனியாகச் சமைப்பதும், தனியாகத் தூங்குவதும் அதற்குள்தான்.

இரண்டு நகராட்சித் தலைவர்களும் வந்தார்கள். "நாளைக்குள்ள காலி பண்ணுய்யா!"

"பண்ணிடறேங்க. காலி பண்றவனுக்கு அவன் ஊர் நகராட்சிதானே மாற்றுக் கடை தரணும்? நான் யாரு ஆளுங்க?"

வடக்குத் தலைவர் தெற்கைக் காட்டினார். "அவங்க ஆளு."

தெற்குத் தலைவர் பதறினார். "ஐயய்யோ, உங்க ஆளுதான்!"

"ரெண்டு ஊருக்கும் நான் ஆளில்லன்னா, என்னைக் காலி பண்ணச் சொல்ல நீங்க யாருங்க?"

கூட்டம் சிரித்தது. தலைவர்கள் காரேறினார்கள். கடை தப்பியது.

அன்று மாலை இந்தக் கதையை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது சவரியப்பனுக்கு. இரண்டு ஊரிலும் அதற்கு ஆளில்லை.