கயிறு கட்டி இழுத்த கார்

சங்ககிரி பக்கம் நெடுஞ்சாலையோரம் கான்ட்ராக்டர் ரத்தினசபாபதியின் மகளுடைய சின்னக் கார் பழுதாகி நின்றது. மகள் பஸ் ஏறிப் போய்விட்டாள். காரை ஈரோட்டுக்கு இழுத்துப்போக ரத்தினசபாபதி தன் பெரிய வண்டியில் வந்திறங்கினார். உடன் வந்தது டிரைவர் செங்கோடன் மட்டும்.

"கயித்தைக் கட்டு. எண்பதுக்குக் குறையாம ஓட்டு. பன்னெண்டு மணிக்கு மீட்டிங்," என்றார்.

"கயிறு ஆபத்துங்க. இழுவை வண்டியைக் கூப்பிட்டா பத்திரமா ஏத்திட்டுப் போயிரும்."

"எனக்கே பாடம் நடத்தறியா? சொன்னதைச் செய், இல்லாட்டி நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

செங்கோடன் கயிற்றைக் கட்டினான். "சரிங்க. பெரிய வண்டியை நான் ஓட்டறேன். பின்னாடி கார்ல ஸ்டீயரிங் பிடிக்க நீங்க உக்காருங்க. இன்ஜின் ஓடாததால பிரேக் கல்லாட்டம் இருக்கும், அழுத்தி மிதிக்கணும்ங்க."

வேறு ஆளில்லை. முனகிக்கொண்டே ஏறினார். வண்டி கிளம்பியது. முன்னால் போன வண்டி சாலையை மறைத்தது. கயிறு தொய்ந்து தொய்ந்து வெட்டி இழுத்தது. லாரி ஒன்று உரசுவதுபோல் கடந்தது. இரண்டே நிமிடத்தில் பின்னாலிருந்து ஹாரன் விடாமல் அலறியது. செங்கோடன் மெதுவாக ஓரம்கட்டினான்.

ரத்தினசபாபதி வேர்த்து வழிய இறங்கினார். "எண்பதுல போயி என்னைக் கொல்லப் பாக்கறியாடா?"

"இன்னும் முப்பதைத் தாண்டலைங்க. இனிமேத்தான் வேகத்தைக் கூட்டலாம்னு இருந்தேன்."

அவர் கயிற்றைப் பார்த்தார். குரல் இறங்கியது.

"அந்த இழுவை வண்டிக்காரனைக் கூப்பிடுப்பா. மீட்டிங்கைச் சாயங்காலம் வச்சுக்கலாம்."