சாமியின் அலைவரிசை

நாட்டின் தொலைபேசி, வானொலி, தொலைக்காட்சி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தும் ஆணையத்துக்கு வேதவல்லி தலைவர். பெரிய பெரிய கம்பெனிக்காரர்கள் அவர் முன் கைகட்டி நிற்பார்கள். அவரோ, கடற்கரை மடத்துக்கு வந்தால் அருளம்பலச் சாமியின் முன் தரையில்தான் உட்காருவார்.

அன்று சாயங்காலம் வெளியே பேய்க்காற்று. கூடத்து ரேடியோவில் மடமே நடத்தும் வானொலி ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பதிவு செய்த சாமியின் சொற்பொழிவு.

“சாமி, இந்த வருஷம் ஆணையம் எதை முதல்ல வைக்கணும்? இன்டர்நெட் வேகமா, போன் கட்டணமா, டிவியில வர்ற பொய்யா? ஆளுக்கொண்ணு சொல்றாங்க. மண்டை காயுது.”

சாமி வாய் திறப்பதற்குள் வேதவல்லியின் போன் அடித்தது. கடலோரக் கண்காணிப்பு நிலையத்துப் பொறியாளர். கேட்கக் கேட்க வேதவல்லிக்கு முகம் வெளுத்துப்போனது.

“என்னம்மா?”

“ஒரு படகு கரை திரும்பல சாமி. நாலு பேர். உதவி கேட்டுக் கூப்பிடறாங்க, எங்கே இருக்காங்கன்னுதான் புரியல. ஒரு வானொலியோட ஒலிபரப்புக் கருவி கெட்டுப்போயிருக்கு. அதோட இரைச்சல் மீனவங்க அவசர அலைவரிசையில புகுந்து அவங்க பேச்சை அமுக்குது.”

“நிறுத்தச் சொல்லேன்!”

“லட்சம் பேர் கேக்கற வானொலி சாமி…”

“அட, உயிர் போகுதுங்கறே. யாரோடது அது?”

ரேடியோவில் சாமி ஏதோ சொல்ல, கூட்டம் சிரித்தது. வேதவல்லி தலையைக் குனிந்துகொண்டார். கண் மட்டும் ரேடியோ பக்கம் போய் வந்தது.

சாமிக்குப் புரிந்துவிட்டது. செருப்புக்கூடப் போடாமல் மழையில் இறங்கி ஓடினார். அவர் ஓடி அந்த மடத்தில் யாரும் பார்த்ததில்லை. பின்கட்டு ஒலிபரப்பு அறைக்குள் புகுந்து, “ஐயோ சாமி, நிகழ்ச்சி போயிட்டிருக்கு!” என்று தொண்டர் கத்தக் கத்த, மெயின் சுவிட்சை இறக்கினார்.

கூடத்தில் அவர் குரல் பாதி வார்த்தையில் நின்றது.

வேதவல்லி போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு பொறியாளர் கத்தினார்.

“கேக்குது மேடம்! படகுல தண்ணி ஏறுதாம். இடம் சொல்லிட்டாங்க. மீட்புப் படகு கிளம்பிடுச்சு!”

சாமி நனைந்தபடியே திரும்பி வந்து உட்கார்ந்தார். அடுத்த செய்திக்காக இருவரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்தது. நாலு பேருக்கும் உயிர் இருந்தது.

வேதவல்லி அழுதேவிட்டார்.

“மன்னிச்சிடுங்க சாமி. மீனவங்க போன மாசமே புகார் கொடுத்தாங்க. மடத்தோட கருவின்னு தெரிஞ்சதும், அப்புறம் பார்த்துக்கலாம்னு நான்தான் ஒதுக்கி வெச்சேன்.”

சாமி கோபத்தோடு வேட்டி நுனியைப் பிழிந்தார்.

“இனிமே எதை முதல்ல வைக்கணும் சாமி? நீங்களே சொல்லுங்க.”

“அதான் போன மாசமே வெச்சுட்டியேம்மா,” என்றார் சாமி. “என்னை.”