திருப்பிப் போட்ட பெஞ்சு

"எந்தக் கல்லூரியிலும் நீங்கள் நிலைத்ததே இல்லையே, ஏன் ஐயா?" என்று வாரன் கேட்டான்.

பயிற்சியாளர் ஆம்ப்ரோஸ் தொப்பியைக் கழற்றி, அதில் படிந்திருந்த பனித்துளிகளைத் தட்டினார், மறுபடி அணிந்துகொண்டார்.

அமெரிக்கக் கல்லூரிகளில் கால்பந்து இளமையாக இருந்த காலம் அது. பந்தை உதைப்பதைவிட, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிரிகளை முட்டிப் பிளந்து ஓடுவதுதான் அந்த ஆட்டம். இலையுதிர் காலத்தில் கால்பந்து, வசந்தத்தில் பேஸ்பால் என இரண்டையும் கற்பித்தபடி ஆம்ப்ரோஸ் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்தார்.

வாரன் அவரிடம் மாணவனாக வந்தவன். பேஸ்பாலில் மட்டையைத் தூக்குமுன் ஒவ்வொரு முறையும் அவர் முகத்தைப் பார்ப்பான். தாடி நரைக்கத் தொடங்கிய பிறகும், துணைப் பயிற்சியாளனாக, அவர் பெட்டிக்குப் பின்னால் தன் பெட்டியைச் சுமந்து நடந்தான்.

இம்முறை ஓர் ஆற்றங்கரைக் கல்லூரி.

"இன்று வென்றால் ஆயுளுக்கும் வேலை, குடியிருக்க வீடு. தோற்றால் மாலை ரயில்" என்று சொல்லியிருந்தார் அறங்காவலர் ஹாப்கிர்க். வீட்டுச் சாவியை விரலில் சுழற்றியபடி எதிர்ப்பக்கம் நின்றிருந்தார்.

ஆற்றிலிருந்து எழுந்த மூடுபனி மைதானத்தை மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர்கள் கனவில் வருபவர்களைப் போலத் தோன்றினார்கள், கரைந்தார்கள், மறுபடி தோன்றினார்கள்.

ஆம்ப்ரோஸின் அணி தோற்றுக்கொண்டிருந்தது.

"ஐயா, நம் இடப்பக்கம் திறந்த கதவாகக் கிடக்கிறது. ஒரு வார்த்தை சொல்லுங்கள்."

"ஊதல் ஒலித்தபின் பயிற்சியாளர் ஆட்டக்காரர்களிடம் பேசக் கூடாது. விதி."

"அந்த விதியை யார் மதிக்கிறார்கள்? தண்ணீர் கொண்டுபோகிறவன் காதில் ஓதி அனுப்புகிறார்கள். எங்கும் நடப்பதுதானே! எனக்கும் ஊர் ஊராக அலைந்து அலுத்துவிட்டது, ஐயா."

"பையன்களின் கழுத்தைப் பார், வாரன்."

வாரன் பார்த்தான். ஆட்டம் நின்றபோதெல்லாம், குவியலாக விழுந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். கண்ணில் அப்பிய சேற்றைத் துடைப்பதற்கு முன்பே பெஞ்சின் பக்கம் தலையைத் திருப்பினார்கள்.

"உங்களைத்தான் பார்க்கிறார்கள். பாவம், என்ன செய்வதென்று தெரியவில்லை."

"கழுத்து வலிக்காதோ?" என்றார் ஆம்ப்ரோஸ்.

யாரோ ஒருவனுக்குக் கால் பிசகியது. ஆட்டம் சற்று நின்றது. ஆம்ப்ரோஸ் எழுந்து, தண்ணீர் வாளியைத் தாமே தூக்கிக்கொண்டார்.

வாரனின் நெஞ்சு துள்ளியது. பனிக்குள் அவர் ஒவ்வொருவனிடமும் நின்று, அகப்பையில் மொண்டு கொடுப்பது நிழலாகத் தெரிந்தது.

திரும்பி வந்ததும் வாரன் கிசுகிசுத்தான்: "சொல்லிவிட்டீர்களா?"

"தண்ணீர் கொடுத்தேன்."

"அவ்வளவுதானா?"

"தாகமாக இருந்தார்கள்."

வாரன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"பெஞ்சின் அந்த முனையைப் பிடி" என்றார் ஆம்ப்ரோஸ்.

பிடித்தான். அவர் பெஞ்சைத் திருப்பிப் போட்டார். மைதானத்துக்கு முதுகு காட்டி, ஆற்றைப் பார்த்து அமர்ந்தார்.

"ஐயா! ஹாப்கிர்க் பார்க்கிறார். கைகழுவிவிட்டீர்கள் என்று நினைப்பார்!"

"ஆறு இங்கிருந்து அழகாக இருக்கிறது."

எதிரணியில் ஒருவன் கூவினான்: "ஏய், உங்கள் கிழவர் தூங்கப் போய்விட்டாரடா! தாலாட்டுப் பாடுங்கள்!"

அணித்தலைவன் சைலஸின் குரல் பனிக்குள்ளிருந்து வந்தது: "தூங்கட்டும். சத்தமில்லாமல் ஜெயித்துவிட்டு எழுப்புகிறோம்."

பையன்கள் ஒருமுறை பெஞ்சைப் பார்த்தார்கள். முதுகுதான் இருந்தது. இன்னொரு முறை பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இடப்பக்கத்தை நான் அடைக்கிறேன், நீ ஓடு!" என்று ஒரு குரல் அதட்டியது.

"அது யார்?" என்று ஆம்ப்ரோஸ் திரும்பாமலே கேட்டார்.

"ஜூட். மைதானத்தில் இதுவரை வாயே திறக்காதவன்."

ஆம்ப்ரோஸ் கண்களை மூடிக்கொண்டார். பனியின் உள்ளே மூச்சிரைப்பும் காலடிகளும் எங்கோ தொலைவில் நடப்பவை போல ஒலித்தன. அழைக்கும் குரல்கள், பதில் குரல்கள். பிறகு, கரை உடைத்த வெள்ளமாக ஓர் ஆரவாரம்.

"எல்லைக் கோட்டைக் கடந்துவிட்டான்! ஐயா, வென்றுவிட்டோம்! திரும்பிப் பாருங்கள்!"

அவர் திரும்பவில்லை.

ஹாப்கிர்க் மூச்சு வாங்க ஓடிவந்தார். ஆம்ப்ரோஸின் உள்ளங்கையில் சாவியை அழுத்தினார். "வீடு உங்களுடையது. இனி நீங்கள் எங்கும் போக வேண்டாம்!" என்றார். பையன்களைத் தழுவிக்கொள்ளப் பனிக்குள் ஓடினார்.

ஆம்ப்ரோஸ் வாளியில் எஞ்சியிருந்த தண்ணீரைப் புல்லில் கவிழ்த்தார்.

"வாரன், யாராவது இந்தப் பக்கம் பார்க்கிறார்களா?"

வாரன் பார்த்தான். சைலஸும் ஜூடும் ஒருவர் தோளில் ஒருவர் ஏற முயன்று, சேற்றில் விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"யாருமில்லை, ஐயா."

"நன்றாகப் பார். ஒருவனுடைய கழுத்து மட்டும் இன்னும் இந்தப் பக்கமே திரும்பியிருக்கிறது."

வாரன் சில அடிகள் முன்னே போனான். பனியை ஊடுருவி, முகம் முகமாகத் தேடினான். சேறு பூசிய ஒவ்வொரு முகமும் வேறெங்கோ திரும்பி ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"இல்லை ஐயா, ஒருவன்கூட..." என்று சொல்லிக்கொண்டே திரும்பினான்.

பெஞ்சு காலியாக இருந்தது. அதன் மேல் சாவி கிடந்தது.

ஆற்றுக்கு அப்பால் ரயில் ஊதியது.

அவர் போன பாதையை வாரன் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாகக் கையை உயர்த்தி, தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தான்.